சித்தப்பாவின் உப்பு

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டுக் கல்லுப்பு ஜாடி கசியத் தொடங்கிவிடும். கைவிட்டால் விரலெல்லாம் பிசுபிசுக்கும். மில்லை மூடியதில், எங்களோடு இருந்த சித்தப்பாவுக்கு வேலை போனது அப்படியொரு மழைக்காலத்தில்தான். வேறு வேலைக்கு அலைந்து அலுத்துப்போய் அவர் வீட்டிலேயே சுருண்டுவிட, அப்பாவின் வாய் நாளுக்கு நாள் நீண்டது. ஒருநாள் சாப்பாட்டின் நடுவே, "சோத்துல உப்பு போட்டுத்தான திங்கற?" என்றே கேட்டுவிட்டார். ரோஷமுள்ள ஆளுக்கு அதைவிடப் பெரிய வசவு கிடையாது. சித்தப்பா கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டு எழுந்தார்.

அந்த வாரம் வகுப்பில் டீச்சர் "வொர்த் ஹிஸ் சால்ட்" என்றொரு மரபுத்தொடர் சொல்லித் தந்திருந்தார். சித்தப்பாவைத் தேற்றிவிடலாம் என்று ஓடிப்போய், இங்கிலீஷில் உப்பைச் சொல்லித்தான் ஆளைப் பாராட்டுவார்கள், நீங்களும் அப்படிப்பட்டவர் என்றேன்.

"அதுக்கு இன்னா அர்த்தம் பாப்பா?"

"வாங்குற சம்பளத்துக்கு ஒழுங்கா உழைக்கிறவருன்னு அர்த்தம், சித்தப்பா."

"சம்பளமே இல்லாதவனுக்கு?" என்றார். அதை டீச்சர் சொல்லித் தரவில்லை.

மறுநாளிலிருந்து அவர் உப்பில்லாமல் சாப்பிட ஆரம்பித்தார். வடித்த சோறும் தண்ணீரும் மட்டுந்தான். அம்மா குழம்புக் கரண்டியோடு வந்தால் கையால் தட்டை மூடிக்கொள்வார். கத்தியிருந்தால்கூடத் தேவலை, எங்களிடம் எப்போதும்போல் சிரித்துப் பேசினார், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. "இது எதுல போய் முடியுமோ, நீங்க ஒரு வார்த்த சொல்லிடுங்க, சாப்டுவாரு" என்று அம்மா கெஞ்சினாள். "எத்தினி நாளைக்குன்னு பாத்துடலாம்" என்றார் அப்பா.

மழை விடுவதற்குள் சித்தப்பாவுக்குப் பெரிய மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் வேலை கிடைத்தது. முதல் கூலியில் ஒரு பொட்டலம் உப்பு வாங்கிவந்து, தன் சோற்றில் போட்டுப் பிசைந்து சாப்பிட்டார். அப்பாடா என்றிருந்தது எனக்கு. மறுநாளே குருசுக்குப்பத்தில் ஓர் அறை பார்த்துக்கொண்டு போய்விட்டார். பல வருஷம் கழித்து என் கல்யாணத்தில் பந்தி முழுக்க ஓடியாடிப் பரிமாறியவர், "ஆச்சு அண்ணி, சாப்ட்டேன்" என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டுச் சாப்பிடாமலே கிளம்பினார்.

மில் இருந்த இடத்தில் இப்போது புதர் மண்டிக் கிடக்கிறது. சித்தப்பாவும் போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். அப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு, உப்பே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நேற்று மத்தியானம் இரண்டு வாய் உண்டுவிட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர், "எப்பட்றா தின்ன இத்த, அத்தினி நாளு?" என்று கேட்டார். வீட்டில் நானும் அம்மாவும் மட்டுந்தான் இருந்தோம்.