ஹெப்பகோடியில் ஏழாவது கலர்

2007, ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை. காலை ஆறு மணிக்கு ஈரோட்டில் பஸ் ஏறினேன். ஜன்னல் சீட் கிடைத்தும் மனசு சரியில்லை. போவது சேகரைப் பார்க்க. ஒரே ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சேலைக்கு டிசைன் வரைந்தவர்கள் நாங்கள். அவன் பெங்களூர் போய் டிஜிட்டல் பிரிண்டிங் கற்று, இப்போது ஒரு கம்பெனியின் டிசைன் பிரிவுக்கே தலைவன். நான் அதே பட்டறையில், அதே ஸ்டூலில்.

முந்தின நாள் முதலாளி கூப்பிட்டிருந்தார். "பொங்கல் சேலையெல்லாம் டிஜிட்டல்தானப்பா. நேர்ல பாத்துட்டு வா. உனக்கு வரும்னா நீயே டிசைன் போடு. வராதுன்னா சொல்லிப்போடு, சேகர்கிட்டயே குடுத்தர்லாம்."

சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி. மதியம் ஓசூரில் வண்டி மாறி, பதினைந்து கிலோமீட்டர் தள்ளி ஹெப்பகோடியில் இறங்கினேன். ஆட்டோக்காரர் தமிழ்தான். கம்பெனிப் பெயரை நான் சொன்ன ஈரோட்டுப் பேச்சைக் கேட்டதும், "சேகர் சார் ஊராண்ணா நீங்க? தங்கமான மனுசன்" என்றார். வந்து இறங்கியவுடனே எனக்கு இதுவா கேட்க வேண்டும்?

"வாடா வாடா! சாப்டியா?" வாசல் கேட்டுக்கே வந்து கட்டிக்கொண்டான் சேகர். நேராக மெஷினிடம் கூட்டிப்போனான். வெள்ளைத் துணி உள்ளே போய்க் காடாக வெளியே வந்துகொண்டிருந்தது. பச்சைக்குள் பச்சை, இலையில் வெயில், இலைக்கடியில் ஈரம். ஸ்கிரீன்காரன் எவனும் முதலில் கேட்பதையே நானும் கேட்டேன்.

"எத்தன கலர்டா?"

எங்களுக்கு ஒவ்வொரு கலருக்கும் தனி ஸ்கிரீன். ஆறைத் தாண்டினால் முதலாளி முகம் சுருங்கும்.

"அத யாருடா எண்றாங்க?" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டது. குற்றம் கண்டுபிடித்தே தீருவது என்று சேலையை மேஜையில் விரிக்கச் சொன்னேன். ஸ்கிரீனில் ஒரே டிசைன்தான் திரும்பத் திரும்ப விழும். ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் ஜாயிண்ட்டைப் பிடித்துவிட்டால் வரைந்தவனின் லட்சணம் தெரிந்துவிடும். முந்தானையிலிருந்து கடைசிவரை குனிந்தே பார்த்தேன். ஜாயிண்ட்டே இல்லை. மொத்தச் சேலைக்கும் ஒரே காடு. ஓர் இலைகூடத் திரும்ப வரவில்லை. இடுப்பு வலித்ததுதான் மிச்சம்.

நான் கொண்டுபோயிருந்த செம்பருத்தி டிசைனைக் கம்ப்யூட்டரில் ஏற்றி என்னை உட்கார வைத்தான். "கலர் போடு. எத்தன வேணாலும் போடு." போட்டேன். ஆறு முடிந்ததும் கை தானாக நின்றது. யாரும் தடுக்கவில்லை, எனக்குத்தான் ஏழாவது தோன்றவில்லை. அவன் என் தோளுக்கு மேலாகக் கை நீட்டி, ஒரே ஒரு பூவுக்கு அடியில் லேசான ஊதா நிழல் இழுத்தான். அந்தப் பூ துணியை விட்டு எழுந்து நின்றது. என் மற்ற பூக்களெல்லாம் செத்துப்போயின.

ஒரு மீட்டர் அடித்துக் கையில் கொடுத்தான். "உன் டிசைன் நல்லா வந்திருக்குடா. ரெண்டு வாரம் என் வீட்டுல தங்கிக் கத்துட்டுப் போயேன்."

"வேல கெடக்குது" என்று கிளம்பிவிட்டேன். அவன் கெட்டவனாகவாவது இருந்திருக்கலாம்.

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் துணியை மடியில் விரித்து வைத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "எங்க வாங்கனது?" என்று தொட்டுப் பார்த்தார். அவர் விரல் நேராக அந்த ஒரு பூவுக்குத்தான் போனது. அப்போது முதலாளியின் போன்.

"என்னப்பா, உனக்கு வருமா?"

வரும் என்றால் பொய். வராது என்றால் பொங்கல் ஆர்டர் மொத்தமும் சேகருக்கு.

"ரெண்டு வாரங் கழிச்சுச் சொல்றனுங்க."

ஈரோடு பஸ் புறப்பட்டுப் போவதைப் பார்த்துவிட்டு ஹெப்பகோடி வண்டியில் ஏறினேன். மாற்றுச் சட்டை எடுத்து வரவில்லை. நாளைக்குச் சேகர் சட்டையைத்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.