ஒரே நுகத்தில் மிளகும் நானும்

என் வாழ்நாளில் நான் நாய் பழக்கியது ஒரே ஒரு முறைதான். ஆனால் அதைச் சொல்லி நான் அடித்துக்கொண்ட பெருமைக்கு அளவே கிடையாது. கல்யாணமாகிப் போன ஊரிலும் யார் வீட்டுக் குட்டிநாய் தரையை நனைத்தாலும் முதல் ஆளாகப் போய் நின்று யோசனை சொல்லுவேன். அப்படிப்பட்ட கைகாரி நான்.

அப்போது எனக்கு ஏழு வயது. கொல்லிமலைக்கு ரோடு வராத காலம். மலைமேல் குண்டனி நாடு என்ற பகுதியிலிருந்த எங்கள் ஊரிலிருந்து அப்பா மிளகு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு சேந்தமங்கலத்துக்கு இறங்கினால், திரும்பி ஏறி வர மறுநாள் பொழுது சாய்ந்துவிடும். அப்படி ஒரு தடவை வந்தவர் சாக்கை வாசலில் மெல்லக் கவிழ்த்தார். உள்ளேயிருந்து கன்னங்கரேலென்று ஒரு நாய்க்குட்டி தும்மிக்கொண்டே உருண்டு வந்தது. தும்மல் நிற்க இரண்டு நாளாயிற்று. அதனால் அதற்கு மிளகு என்றே பெயர் வைத்துவிட்டேன்.

முன்பு இருந்த நாயை மாட்டுக்கொட்டாயில் கட்டியிருந்தபோது சிறுத்தை தூக்கிக்கொண்டு போய்விட்டது. அதனால் மிளகு வளரும்வரை வீட்டுக்குள்ளேயே படுக்கட்டும் என்றார் அப்பா. ஆனால் விதைச் சாமைக் கூடை இருக்கிற வீடு அது. விதைப்பு முடியும்வரை அங்கே தரை சுத்தமாக இருக்க வேண்டும்.

"ஊட்டுக்குள்ள ஈரம் பண்ணுச்சுன்னா அப்பறம் கொட்டாய்தான்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். அம்மா அடுப்போரம் ஒரு மூங்கில் கூடையில் பழந்துணியைப் போட்டு மிளகைப் படுக்கவைத்தாள்.

மறுநாள் விடிந்தபோது தரையில் ஈரம் இருந்தது. அதைச் செய்தது யார் என்பதை இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன். நான்தான். ஏழு வயதாகியும் என் பாய் தினமும் வேலியில் காய்ந்துகொண்டிருந்தது. அந்த வெட்கத்தை யார் தலையிலாவது கட்டிவிட முடியாதா என்று ஏங்கிக்கொண்டிருந்த எனக்கு, மிளகு நல்ல நேரத்தில் வந்து சேர்ந்திருந்தது. "இதென்ன ஈரம்?" என்று அப்பா கேட்டதும் என் விரல் தானாகக் கூடையைக் காட்டியது.

அப்பா கூடையைப் பார்த்தார். என் பாயைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"அப்ப இன்னைக்கே அதக் கொட்டாய்ல கட்டிர வேண்டியதுதான்."

என் ஒரு விரல் அந்தக் குட்டியைச் சிறுத்தையின் வாய்க்கு அனுப்பப்போகிறது. அப்படியும் உண்மை வாயில் வரவில்லை. மிளகைக் கட்டிக்கொண்டு, "நான் பழக்கறேன்ப்பா, நான் பழக்கறேன்ப்பா" என்று ஓவென்று அழுதேன்.

அம்மாதான் குறுக்கே வந்தாள். "ஏனுங்க, புதுக் கன்ன ஏருக்கு எப்புடிப் பழக்கறீங்க? பழகுன மாட்டோட சேத்துத்தானுங்களே பூட்டறீங்க? இதுக்கும் ஒரு பழகுன மாடு இருந்தாப் போதுமுங்க." பிறகு என் கண்ணைத் துடைத்துவிட்டு, "கண்ணு, நீ பழகுன மாடா இருக்கறயா?" என்றாள்.

நான் வேகமாகத் தலையாட்டினேன். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு பலமாக இருமினார். பத்து நாள் தவணை கிடைத்தது.

நுகத்தை அம்மாவே பூட்டினாள். பழைய சேலைக் கிழிசல் ஒன்றின் ஒரு நுனி மிளகின் கழுத்தில், மறு நுனி என் மணிக்கட்டில். ஒரே ஏரில் பூட்டிய மாடுகளில் ஒன்று குடித்தால் இன்னொன்றும் குடிக்கக் கேட்குமாம். அதனால் பொழுது சாய்ந்தால் இரண்டு பேருக்கும் தண்ணீர் கிடையாது. படுக்கும் முன் ஒரு முறை, கோழி கூவியதும் ஒரு முறை, இரண்டு பேரும் வீட்டுக்குப் பின்னால் பலா மரத்தடிக்குப் போக வேண்டும். பனியில் பல் கிட்டிக்கொள்ளும். நான் முதலில் குந்திக் காட்டுவேன். மிளகு தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, தன் வேலையை முடித்துக்கொள்ளும். ஒருநாள் அந்தப் பக்கம் வந்த மாமா, "ஏனுங்கக்கா, ஏர்மாடு ரண்டும் நேரா ஓடுதுங்களா?" என்று அம்மாவிடம் கேட்டுவிட்டுப் போனார். எனக்கு அது பாராட்டாகத்தான் கேட்டது.

ஐந்தாம் நாள் காலையில் மறுபடி ஈரம். நல்லவேளை, அப்பா காட்டுக்குப் போயிருந்தார்.

"மிளகு மறந்துருச்சும்மா" என்றேன்.

"ஆமா கண்ணு, மறந்துருச்சு" என்று சொல்லி அம்மா அந்த இடத்தைச் சாணி போட்டு மெழுகினாள். "நீ இன்னுங் கொஞ்சம் கெட்டியாப் பழக்கோணும் சாமி."

அன்றிலிருந்து நான் இன்னும் கெட்டியானேன். கோழி கூவுவதற்கு முன்பே விழித்துக்கொண்டு மிளகை நானே எழுப்பினேன். வந்த நாளிலிருந்தே அது விடியலில் கதவைப் பிராண்டியதை நான் விளையாட்டு என்று நினைத்திருந்தேன். அதன் கூடைத் துணி ஒருநாள்கூட வேலியில் காயவில்லை என்பதும் என் கண்ணில் படவில்லை.

பத்தாம் நாள் காலையில் அப்பா வீடு முழுக்க வெறுங்காலால் நடந்து பார்த்தார். அடுப்போரம், விதைக்கூடைப் பக்கம், என் பாய்ப் பக்கம், எங்கும் பொட்டு ஈரம் இல்லை. மிளகு என் காலடியில் உட்கார்ந்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. ஒரு உயிரைச் சிறுத்தையிடமிருந்து மீட்டவளாக நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்த நெஞ்சு கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது.

"நல்லாப் பழகிருச்சு" என்றார் அப்பா. அம்மா வாய்க்குள் சிரித்தாள்.

அப்படிச் சொன்னவர் குனிந்து, நாயை விட்டுவிட்டு என் தலையை ஏன் தடவிக்கொடுத்தார் என்பதுதான் எனக்கு அன்றைக்கு விளங்கவே இல்லை.