சீவிய உரித்து

எனக்கு ஒன்பது வயதில் சொந்த வீடு வந்தது. யட்டவத்தையில் இருந்த பெரியம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லை. பெரியப்பாவும் இறந்துபோன பிறகு வீட்டை என் பேருக்கு எழுத முடிவு செய்தார். மாத்தளையில் பத்திரம் எழுதும் நொத்தாரிசின் அறைக்கு எல்லோருமாகப் போனோம். கையெழுத்துக்கு முன் உறுதிப் பத்திரத்தை உரத்து வாசிப்பது முறை. எனக்காக நன்கொடையை ஏற்றுக்கொள்ள அப்பா பேனாவோடு காத்திருந்தார். காணியின் நாலு எல்லையும் வாசித்து முடித்து, 'நன்கொடையாளியின் சீவிய உரித்துக்கு அமைவாக' என்ற இடம் வந்ததும் அது என்னவென்று கேட்டுவிட்டேன்.

நொத்தாரிசு கண்ணாடியைக் கழற்றினார். "வீடு ஒங்களுதுதான் மகள். ஆனா பெரியம்மா உசுரோட இருக்கிற வரைக்கும் அவங்கதான் ஆளுவாங்க. வெளிய போங்கன்னு யாரும் சொல்ல ஏலாது. மரத்துல காய்க்கிறதும் அவங்களுக்குத்தான்."

"கடைசி வரைக்கும் வாடகை தர மாட்டேன், வீட்டுக்காரம்மா," என்று பெரியம்மா என் கன்னத்தைக் கிள்ளினார்.

அந்தச் சொல்லை நான் விடவேயில்லை. தோழிக்கு அழிறப்பர் கொடுத்தபோதுகூடச் சீவிய உரித்தை வைத்துக்கொண்டுதான் கொடுத்தேன்.

அதுவரை ஞாயிறுதோறும் மாத்தளையிலிருந்து யட்டவத்தைக்குப் போய்க்கொண்டிருந்தோம். உறுதி முடிந்த கையோடு எனக்குப் புலமைப்பரிசில் வகுப்பு வந்தது, அப்பாவுக்கு வேலை வந்தது. ஞாயிறுகள் எப்படியோ கழன்றுபோயின. அப்புறம்தான் பெரியம்மா போன் எடுக்கத் தொடங்கினார். அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு என்னைக் கேட்பார்.

"வீட்டுக்காரம்மா, முன்கதவு வெளுத்துப் போச்சு. நீலம் அடிக்கவா, பச்சை அடிக்கவா? ஒருக்கா வந்து பார்த்துச் சொல்லுங்களேன்."

அடுத்த வாரம், "கராம்பு மரத்துக் கொப்பு ஒன்னு கூரையில சாயுது. வெட்டலாமா? ஞாயித்துக்கிழமை வர்றீங்களா?"

மறுபடியும் கதவு. எனக்கோ மேசையில் கணக்குப் பயிற்சி காத்திருந்தது.

"பெரியம்மா, என்கிட்ட கேக்கத் தேவையில்ல. சீவிய உரித்து ஒங்களுக்கு. நீலமோ பச்சையோ, நீங்களே அடிக்கலாம். யாரும் வரணும்னு இல்ல."

அந்தப் பக்கம் ஒரு கோழி கேறுவது கேட்டது.

"அப்புடியா?" என்று சிரித்தார். "நொத்தாரிசு ஐயாவையே தோக்கடிச்சுருவீங்க போல."

"அம்மாகிட்ட குடுக்கவா?"

"வேணாம் மகள். கேக்க வேண்டியது ஒன்னும் இல்லையே."

அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து, "சட்டமே பேசுது," என்றார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அதன்பின் பெரியம்மா வீட்டைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. நாங்கள் தைப்பொங்கலுக்குப் போனோம், ஒரு சில வருசம் அதுவும் இல்லை.

போன மாதம் பெரியம்மாவோடு சீவிய உரித்தும் முடிந்தது. சாவியோடு போனேன். முன்கதவில் பெயிண்டே இல்லை. உள்ளே குசினியில், அடுப்புக்கு மேல் தட்டில் இரண்டு சின்ன பெயிண்ட் டின்கள், மூடி திறக்காமல், துரு ஏறி இருந்தன. ஒன்று நீலம், ஒன்று பச்சை.

மாத்தளையிலிருந்து யட்டவத்தைக்கு ஒரு பஸ்தான். நீலமா பச்சையா என்று சொல்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அவர் கேட்டது நிறத்தைத்தான் என்று அன்றைக்கு நினைத்திருந்தேன்.