அப்பா உடைக்காத கிடார்

ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஊசிக்காரம்மா என்று பெயர். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருட வேலை. நரம்பே தெரியாத கையிலும் ஒரே குத்தில் ரத்தம் எடுத்துவிடுவாள். நாடறிந்த ஒரு பாடகரின் தங்கை அவள் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. அவள் வாயைத் திறந்ததில்லை.

காரணம் ஒரு பாட்டு. அண்ணனே எழுதி, மெட்டுப் போட்டு, பாடியது. குடித்துவிட்டு வரும் அப்பன், மகனின் முதல் கிடாரைச் சுவரில் அடித்து உடைக்கிறான். மகன் அழாமல் வீட்டை விட்டுக் கிளம்புகிறான். கேட்டவர்களெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அண்ணனைத் தூக்கிவிட்டதே அந்தப் பாட்டுதான்.

நடந்தது வேறு. அப்பா டயர் கடையில் பஞ்சர் ஒட்டுபவர். குடித்தே அறியாதவர். பரீட்சை முடியும்வரை கிடாரைத் தொடாதே என்று அவர் சொன்னதற்கு, பத்தொன்பது வயது அண்ணன்தான் அதைச் சுவரில் அடித்தான். பதினைந்து வயதில் அவள் கதவருகே நின்று பார்த்தாள். அப்பா குனிந்து துண்டுகளைப் பொறுக்கினார். கடையிலிருந்து பஞ்சர் பசை கொண்டுவந்து மூன்று நாள் ஒட்டிப் பார்த்தார். நிற்கவில்லை.

பாட்டு பிரபலமானதும், டயர் மாற்ற வந்தவர்கள் அவர் காதுபடவே பேச ஆரம்பித்தார்கள். அவள் கொதித்துப்போய் அண்ணனிடம் சண்டைக்குப் போனாள்.

"பாட்டுன்னா ஒரு வில்லன் வேணும்டி. நானே உடைச்சேன்னு பாடினா எவன் கேப்பான்?" என்றான் அவன்.

அப்பாவோ, அது அவன் பிழைப்பு, விட்டுவிடு என்றார். ஆனால் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். ஆறு வருடம் வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்து போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு அவள் அண்ணனோடு பேசவில்லை. போன வருடம் அவனும் மாரடைப்பில் போனான்.

அவன் நினைவாகக் கச்சேரி வைத்தார்கள். ஏற்பாட்டாளர் வீடு தேடி வந்து, குடும்பப் படம் இருந்தால் திரையில் காட்டலாம் என்றார். செத்தவனோடு என்ன பகை என்று மனதைத் தேற்றிக்கொண்டு, அப்பா கடை வாசலில் சிரித்தபடி நிற்கும் படத்தைக் கொடுத்தாள். குடிகாரன் என்று எல்லோரும் நினைத்த மனுஷனின் முகத்தை ஒரு தடவையாவது பார்க்கட்டும்.

முதல் வரிசையில் இடம். நாலைந்து பாட்டு நன்றாகவே போனது. ஒன்றுக்கு அவளும் தன்னையறியாமல் தலையாட்டினாள். அப்புறம் அந்தப் பாட்டு. மேடை இருண்டது. ஒலிபெருக்கியில் கிடார் உடையும் சத்தம். சிவப்பு வெளிச்சத்தில் திரை முழுக்க அப்பாவின் முகம். பின்வரிசைகளிலிருந்து ஊளையிட்டார்கள்.

அவள் விறுவிறுவென்று மேடையேறி, பாடிக்கொண்டிருந்த பெண்ணிடமிருந்து மைக்கைப் பிடுங்கினாள்.

"நான் அவன் தங்கச்சி. கிடாரை உடைச்சது எங்கண்ணன். பசை போட்டு ஒட்டிப் பாத்தது எங்கப்பா. அவரைப் பாத்தா ஊளையிடறீங்க?"

மைக்கை அணைத்துவிட்டார்கள். அவள் விடவில்லை. முன்வரிசைகளுக்காவது கேட்கட்டும் என்று தொண்டை கிழிய எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகுதான் இறங்கினாள். நிகழ்ச்சியில் இதுவும் சேர்த்தி என்று நினைத்துச் சிலர் கைதட்டினார்கள். அவள் திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தாள்.

மூன்றாம் நாள் ஏற்பாட்டாளர் போன் செய்தார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்தாள். அவரோ, அவள் மேடையில் பேசியதை யாரோ எடுத்துப் போட்ட வீடியோவை லட்சக்கணக்கில் பார்க்கிறார்கள், அடுத்த ஊர்க் கச்சேரியிலும் அதே இடத்தில் ஏறிவந்து அப்படியே பேச முடியுமா என்று குழைந்தார்.

"எங்கப்பாவை வச்சு ஒருத்தன் பேர் வாங்கினது போதும். இனிமே அந்தப் படத்தை எங்கயாவது காட்டினீங்க, நான் போலீஸோடதான் வருவேன்."

அடுத்த ஊரில் படம் இல்லை. பாட்டு இருந்தது; கூட்டம் கூடவே பாடியதாம். ஆஸ்பத்திரியில் கையை நீட்டிக்கொண்டு, "நீங்கதானே அந்த வீடியோவுல..." என்று இழுப்பவர்களிடம் அவள் இப்போது முழுக் கதையையும் சொல்கிறாள். வரிசை நீளுகிறது என்று மேலதிகாரி இரண்டு முறை கண்டித்தாகிவிட்டது. அவள் நிறுத்துவதாக இல்லை. கோபம் ஆறவில்லை, ஆற வேண்டும் என்று அவளுக்கு ஆசையும் இல்லை.