மழை பெய்தால் மட்டும் வரும் தோழி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி. மலாயாவின் ஜொகூரில், கூலாய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். என் அப்பா அங்கே ஆபீஸ் கிராணி, அதாவது குமாஸ்தா. எனக்குப் பத்து வயது இருக்கும். "ஏன், எதுக்குன்னு கேக்காட்டி இவளுக்குச் சோறு எறங்காது" என்று அம்மா திட்டிக்கொண்டே இருப்பாள். அப்படி ஒரு பிள்ளை நான்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் ஒருத்தி உட்காருவாள். கணக்கில் புலி. வாத்தியார் கேட்டு முடிப்பதற்குள் விடை சொல்லிவிடுவாள். ஆனால் மழை பெய்தால்தான் வருவாள்! பிள்ளைகள் 'மழைத் தவளை' என்று கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஏன் இப்படி என்று குடைந்தால், "வெயிலு நாள்ல வேல இருக்குல்ல, புள்ள" என்பாள். சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவாள்.

மேல் வகுப்புப் பரீட்சை வந்தது. அதை எழுதாவிட்டால் பள்ளிக்கூடத்திலிருந்து அவள் பெயரை எடுத்துவிடுவேன் என்று வாத்தியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எனக்கோ அவள் பக்கத்தில் இல்லாமல் முடியாது. மழைதானே வேண்டும்? மாரியம்மன் கோயிலுக்குத் தினமும் போய் வேண்டிக்கொண்டேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. அவளும் தவறாமல் வந்தாள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம், அவளோடு, பால் வெட்டும் கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீட்டுக்கு முதல் தடவையாகப் போனேன். அவள் அப்பா வாசலில் உட்கார்ந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்பில் மரவள்ளிக்கிழங்கு மட்டும் வெந்துகொண்டிருந்தது.

"சோறு ஆக்கலையா?" என்று வழக்கம்போல வாயை விட்டேன்.

அவள் அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "மரம் நனைஞ்சா பால் வெட்ட முடியாதுல்ல, பாப்பா. வேல இல்லாட்டி கூலி ஏது, சோறு ஏது? நாளைக்காவது வெயிலடிக்கணும்னு சாமியக் கும்பிட்டுக்கிட்டு இருக்கோம். இவளும் வந்து பால் வடியுற கோப்பையத் தொடச்சாத்தான் எங்க பங்கு மரம் முடியும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் வேண்டிக்கொண்ட மழையில் இந்த வீட்டில் உலை வைக்கவில்லை. ஆனாலும் தோழியிடம் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நீ சாமிகிட்ட என்ன வேண்டிக்குவ?"

"நான் ஒன்னும் வேண்டிக்கிறதில்ல. எதக் கேட்டாலும் இன்னொன்னு போயிடுது" என்றாள் அவள்.

பரீட்சை அன்று பளிச்சென்று வெயில். நான் எழுதினேன், தேறினேன். அவள் பெயரை எடுத்துவிட்டார்கள்.

என் அப்பாவுக்கு மழையிலும் வெயிலிலும் மாதச் சம்பளம் வந்தது. என் படிப்பில் என் கெட்டிக்காரத்தனம் எவ்வளவு, அந்தச் சம்பளம் எவ்வளவு என்று இன்றுவரை எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.