உதுமான் பாயின் மைக் ஏன் நின்றது?

தாராவித் தலைவர் பிரம்மநாயகத்தைக் கொன்றவர்கள் முதலில் பதினோரு பேர். எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். குடிசைகளைத் தள்ளிவிட்டுக் கட்டடம் எழுப்ப நினைத்த ஒரு காண்டிராக்டர், எதிர்க்கட்சி, சொந்தக் கட்சி, தில்லி, அன்னியக் கை, நீலச் சட்டைக்காரர் ஒருவர், இன்னும் சிலர். நீலச் சட்டைக் கதை கிளம்பிய மாதத்தில் தொண்ணூறு அடி ரோட்டில் அந்த நிறத்தில் சட்டை போட்டு நடப்பவரைக் காண்பதே அரிதாகிவிட்டது. உண்மையில் கத்தியைச் செருகியவன் ஒருவன். கூட்டத்துக்குள் புகுந்து ஓடியவன் ஓடியவன்தான், இன்றுவரை அகப்படவில்லை. ஓர் ஆள் காலி செய்த இடத்தில் பதினோரு பேரைக் குடிவைப்பது தாராவிக்குப் புதிய வித்தையும் அல்ல.

இந்தப் பதினோரு கதையிலும் விடாமல் வந்துபோகிற ஆள் ஒருவர் உண்டு. மைக்செட் உதுமான் பாய்.

கடையநல்லூர்க்காரர். அறுபத்திரண்டில் தாராவிக்கு வந்து, தோல் கிடங்கில் சில வருஷம் நாற்றத்தோடு குடும்பம் நடத்திவிட்டு, ஒரு பழைய ஆம்ப்ளிஃபையரை வாங்கி ‘மதீனா சவுண்டு சர்வீஸ்’ என்று போர்டு மாட்டினார். காதுகுத்து, அம்மன் கொடை, மீலாது, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவர் குழாய்தான். கூட்டம் தொடங்கியதும் கடைசி ஆள் நிற்கிற இடம் வரை நடந்துபோய்க் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு வருவார். மேடையில் சொல்வது பொய்யாக இருக்கலாம், கரகரவென்று இருக்கக் கூடாது. அவ்வளவுதான் அவருடைய கொள்கை. அரசியலில் இருந்தவர்களுக்கு அந்த அளவுகூட இருந்ததாகத் தெரியவில்லை.

பிரம்மநாயகம் கொஞ்சம் விதிவிலக்கு. குடிசையை இடிக்க லாரி வந்தால் அதன் முன்னால் போய்ப் படுத்துக்கொள்வார். எழுந்து வந்து அதைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசுவார். லாரியைவிடப் பேச்சுக்குத்தான் மாநகராட்சி அதிகம் பயந்தது.

எண்பத்து மூன்று பிப்ரவரியில் ஒரு மாலை. பேச்சு நடுவில் மைக் நின்றது. பிரம்மநாயகம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “மைக் சூடாயிட்டு. செத்த ஆற விடுவோம்” என்று கைகாட்டிவிட்டு மேடையை விட்டு இறங்கினார். உதுமான் பாயின் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். ஆம்ப்ளிஃபையர் மேல் இரண்டு கட்டிங் சாயா, பம்பாயின் அரை கிளாஸ் டீ, இருந்தது. ஒன்றை எடுக்கக் கையை நீட்டினார். குத்துப்பட்டு அங்கேயே விழுந்தார்.

மைக் ஏன் நின்றது என்று போலீஸ் கேட்டது. “ஃபியூஸ் போயிட்டு, சாப்” என்றார் உதுமான் பாய்.

போலீஸ் சௌக்கி வாசலில் கனகவள்ளியும் கேட்டார். பிரம்மநாயகத்தின் மனைவி. கட்டியிருந்த சேலையில் ரத்தம் காய்ந்து மொடமொடவென்று நின்றது.

“மைக் ஏன் பாய் நின்னுச்சு?”

“ஃபியூஸ், மதினி.”

“உம்ம செட்டு இத்தன வருசத்துல ஒருக்காக்கூட மக்கர் பண்ணதில்லைன்னு அவுக வீட்டுல பெருமையாச் சொல்லுவாவளே.”

உதுமான் பாய் தரையைப் பார்த்தார். கனகவள்ளி அவரைப் பார்த்தார். பிறகு இரண்டு வருஷம் அந்தம்மா அவரைப் பார்க்கவே இல்லை. அவர் ஒரு சந்தில் வந்தால் இவர் மறு சந்தில் போவார்.

ஃபியூஸ் போகவில்லை. இதை எனக்குச் சொன்னது உதுமான் பாயின் மனைவி சைனப். எழுதலாமா என்று கனகவள்ளியிடம் போய்க் கேட்டேன். “எழுதுங்க. யாரு நம்பப் போறா” என்றார்.

விஷயம் இதுதான். பிரம்மநாயகத்தின் கூட்டம் பெரும்பாலும் மாலையில்தான். பேச்சு சூடு பிடிக்கும்போது பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரம் வந்துவிடும். ஆரம்ப நாளில் ஒரு தடவை இரண்டு சத்தமும் மோதிக்கொண்டது. அன்றே பிரம்மநாயகம் உதுமான் பாயைக் கூப்பிட்டு, “இனிமே பாங்குக்கு ஒரு நிமிசம் முந்தி என்னய நிறுத்திரும்வே. நான் பேச ஆரம்பிச்சா எனக்குக் காது கேக்காது” என்றார்.

“மேடையில சொல்லிட்டே நிறுத்தலாமே அண்ணாச்சி.”

“சொன்னா நம்ம ஆளுவளே அவனுக்கு ஏன் நிறுத்துதன்னு கேப்பானுவ. மைக் சூடாயிட்டுன்னு சொல்லிக்கிடுவோம். மிசினு மேல பழியப் போட்டா மிசினு ஒண்ணும் கோவிச்சுக்காது. ஆறதுக்குள்ள நீரும் நானும் ஆளுக்கொரு கட்டிங் சாயா குடிச்சிரலாம்.”

பதினைந்து வருஷம் அந்த மைக் தவறாமல் அந்தி நேரத்தில் சூடானது. புரிந்தவர்கள் புரியாத மாதிரி இருந்தார்கள். புரியாதவர்கள், பாய் நல்ல செட்டாக வாங்கக் கூடாதா என்று அலுத்துக்கொண்டார்கள். தலைவர் கூட்டந்தோறும் எந்த நேரத்தில் தனியாகக் கீழே இறங்குவார் என்பதை மட்டும் ஒருவன் கவனமாகப் புரிந்துகொண்டான்.

பாங்குக்காக நிறுத்தினேன் என்று உதுமான் பாய் சௌக்கிக்குள் சொல்லியிருந்தால், அது வாசலைத் தாண்டும்போது பாங்கு சொல்லிக் கொன்றார்கள் என்று ஆகியிருக்கும். மறுநாள் எத்தனை வீடு எரிந்திருக்குமோ. எண்பத்து நான்கு மே இந்து-முஸ்லிம் கலவரத்தில் பம்பாய் பட்ட பாட்டைப் பார்த்தபோது சைனப் புருஷனிடம், “நல்லவேள, நீங்க வாயத் தொறக்கல” என்றாராம். அவரோ, “ஊரு என்னமும் நெனைக்கட்டும். மதினியும் என்னய அப்படி நெனைக்காவளே” என்றாராம்.

அதிலும் ஒரு கொடுமை. மைக்கை வேண்டுமென்றே நிறுத்தித் தலைவரைக் காட்டிக்கொடுத்தார் என்று ஊர் சொன்னதில் பாதியை அவரே நம்பினார். “என் சுவிட்சுதானே அவுகளக் கீழ எறக்குச்சு” என்று சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பாராம். கட்சிக் கூட்டங்களை எடுப்பதை விட்டார். மாலை ஐந்துக்கு மேல் செட் கிடையாது என்று சொல்லிவிட்டார்.

அந்த வருஷக் கடைசியில் தில்லியில் பிரதமரைச் சுட்டுக் கொன்றார்கள். சதி என்ற சொல் ரேஷன் இல்லாமலே கிடைக்கத் தொடங்கியது. டீக்கடையில் தில்லிச் சதியை ஒன்பது மணிக்குள் தீர்த்துவிட்டு, மிச்சமிருந்த மூளையை என்ன செய்வது என்று தெரியாமல் உள்ளூர்ச் சதிக்குத் திரும்பினார்கள். எண்பத்தைந்து பொங்கலுக்குப் பட்டிமன்றம் வைப்பது என்று முடிவாயிற்று. தலைப்பு: ‘தலைவர் பிரம்மநாயகம் கொலைக்குக் காரணம் உள்பகையா, வெளிச்சதியா?’ கொலைக்கும் இரண்டு அணி பிரித்து, ஒரு நடுவரை உட்கார வைத்து, நடுவில் இரண்டு சிரிப்பும் வைக்கத் தமிழனால்தான் முடியும்.

நடுவர் கிங்ஸ் சர்க்கிள் ஆறுமுகநயினார். இன்சூரன்ஸ் கம்பெனியில் ரிடையர் ஆனவர். அகால மரணம் பற்றி அவருக்கு முப்பது வருஷ அனுபவம். வெளிச்சதி அணிக்குத் தலைவர் மளிகைக்கடை செல்லத்துரை.

செட்டுக்கு உதுமான் பாயிடமே வந்தார்கள். அவர் முடியாது என்றார். மூன்று மணிக்குத் தொடங்கி ஐந்துக்கு முடித்துவிடுவோம் என்றார்கள். கனகவள்ளியை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தப் போகிறோம் என்றும் சொன்னார்கள். “மதினி வாராவளா?” என்று கேட்டார். வருகிறார் என்றதும் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தார்.

பட்டிமன்றம் ஐந்துக்கு முடியவில்லை. ஐந்துக்குத்தான் நடுவர் முன்னுரையை முடித்தார்.

செல்லத்துரை எழுந்தபோது ஆறு மணி தாண்டிவிட்டது. “மைக் நின்னுச்சு. ஏன் நின்னுச்சு? ஃபியூஸ்ங்காவ. நடுவர் அவர்களே, தலைவருக்குன்னே நேரம் பாத்துப் போற ஃபியூச நான் எங்கயும் பாத்ததில்ல. அந்த ஃபியூசு இன்னைக்கும் இந்தக் கூட்டத்துலதான் உக்காந்திருக்கு.”

கூட்டம் கை தட்டியது. எல்லாத் தலையும் மேசைப் பக்கம் திரும்பியது. மேடையில் இரும்பு நாற்காலியில் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்த கனகவள்ளியும் திரும்பினார். மைக்குக்கு மிக அருகில் வாயை வைத்திருந்ததால் செல்லத்துரையின் குரல் பிசிறியது. உதுமான் பாய் கையை நீட்டிச் சத்தத்தைச் சற்றே குறைத்து, தன்னை ஏசுகிற பேச்சு கடைசி ஆளுக்கும் தெளிவாகக் கேட்கும்படி திருத்தினார்.

அப்போது வாட்ச்சைப் பார்த்தார். பாங்குக்கு ஒரு நிமிஷம் இருந்தது.

எந்த நாளில் நிறுத்தக் கூடாதோ அந்த நாள் அது. கொலைகாரன் என்று பேர் சூட்டிக்கொண்டிருக்கும்போது, அதே மைக்கை அதே நேரத்தில் நிறுத்துகிற பைத்தியம் எங்கேனும் உண்டா. உதுமான் பாய் சட்டைப்பையிலிருந்து தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். சுவிட்சை அணைத்தார்.

செல்லத்துரையின் வாய் அசைந்தது, சத்தம் இல்லை. “ஏ பாய், மைக் சாலூ கர்” என்று மைக்கைப் போடச் சொல்லிப் பின்னாலிருந்து கூவினார்கள். “ஃபியூஸ் போயிட்டோ?” என்று யாரோ கேட்க, ஒரே சிரிப்பு. சிரிப்பு அடங்குவதற்குள் பாங்கு எழுந்தது.

செல்லத்துரை மடையர் அல்ல. மேடை விளிம்புக்கு வந்து வெறுங்குரலில், “ஏய், இரு. அன்னைக்கும் இதே நேரம்தானவே. அப்ப இதுதான் சிக்னலா?” என்றார். முன்வரிசைக்கு மட்டும் கேட்டது. “மைக்கப் போடும், பாய். நான் இதச் சொல்லியாகணும்.”

நான்கு குழாய். ஒன்று பள்ளிவாசல் தெருவைப் பார்த்தது, ஒன்று மாரியம்மன் கோயிலை. உதுமான் பாய் பெட்டியின் பின்னால் கையை விட்டு ஃபியூசைக் கழற்றி மேல் பையில் போட்டுக்கொண்டார். பட்டிமன்றக்காரர்கள் அவர் மேசையைச் சுற்றி நெருங்கினார்கள்.

கனகவள்ளி நாற்காலியை விட்டு எழுந்து, படியிறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவர் புருஷன் அன்று நின்ற இடத்தில் நின்றார்.

“அன்னைக்கும் இதுக்குத்தானா, பாய்?” மெல்லத்தான் கேட்டார்.

“ஆமா, மதினி.”

“அவுகளுக்குத் தெரியுமா?”

“அவுகதான் நிறுத்தச் சொன்னாவ. பதினஞ்சு வருசமா.”

“வீட்டுல எனக்கும் சொல்லலியே.”

“யாருக்கும் சொல்லப்படாதுன்னுட்டாவ.”

பாங்கு முடிகிற வரை அந்தம்மா ஆம்ப்ளிஃபையர் மேல் கையை வைத்தபடி நின்றார். தன் புருஷன் எப்படிப்பட்ட மனுஷன் என்பதை ஊருக்குச் சொல்ல அவருக்குக் கிடைத்த ஒரே நேரம் அது. செல்லத்துரையைப் பார்த்தார். குழாய்கள் திரும்பியிருந்த திசையைப் பார்த்தார். பிறகு நடுவருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

“ஃபியூஸ்தான் போயிட்டு. நான் பாத்தேன். எல்லாரும் வீட்டுக்குப் போங்க.”

விதவை சொன்னால் மறுக்க முடியாது. ஆறுமுகநயினார் மைக் இல்லாமலே தீர்ப்பை ஒத்திவைத்தார். கூட்டம் கலைந்தது. செல்லத்துரையின் சிக்னல் கதை நாலு பேர் காதோடு நின்றுபோயிற்று. உதுமான் பாய் வயரைச் சுற்றிக்கொண்டே அழுதார் என்று சைனப் சொன்னார். அழவில்லை, கண்ணில் தூசி என்று அவர் கடைசிவரை சாதித்தாராம்.

மறு வாரமே கொலைகாரர்கள் பன்னிரண்டு பேர் ஆனார்கள். மைக்செட்காரனும் தலைவர் பெண்டாட்டியும் கூட்டு. இல்லாவிட்டால் அந்தம்மா ஏன் அவனைக் காப்பாற்ற வேண்டும்? இது கனகவள்ளி காதுக்கும் வந்தது. அதற்குப் பிறகுதான் அவர் உதுமான் பாய் வீட்டுக்கு வெளிப்படையாகப் போய்வரத் தொடங்கினார்.

எண்பத்தாறு பொங்கலுக்கும் பட்டிமன்றம் வைத்தார்கள். தலைப்பு: ‘ஃபியூஸ் போனதா, பிடுங்கப்பட்டதா?’ செட்டு செம்பூர் திலக் நகரிலிருந்து வந்தது. புதுக் கம்பெனி, பெரிய பெட்டிகள். ஒரு குழாயை உதுமான் பாயின் வீட்டெதிர்க் கம்பத்தில் கட்டினார்கள். அவர் நுரையீரல் கெட்டுப் படுத்த படுக்கையாக இருந்தார். தன்னைப் பற்றி நடக்கும் விசாரணையைக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். கட்டிலருகே சைனப்பும் கனகவள்ளியும் இருந்தார்கள்.

“என்ன சொல்லுதாவன்னு புரியுதா?” என்றார் சைனப்.

“எங்க புரியுது? குழாயச் செவரப் பாக்கத் திருப்பி வச்சிருக்கான். எதிரொலிக்கி.”

பொழுது சாய்ந்தது. பாங்கு எழுந்தது. குழாய் நிற்கவில்லை. பிடுங்கப்பட்டதே என்ற அணியின் குரலும் பாங்கும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, இரண்டும் விளங்காமல், வீட்டுக்குள் வெறும் இரைச்சலாக வந்து விழுந்தன. உதுமான் பாயின் வலது கை போர்வைக்கு வெளியே வந்து, இல்லாத சுவிட்சைத் தேடியது.

கனகவள்ளி அந்தக் கையைப் பிடித்துப் போர்வைக்குள் வைத்தார். “இவன் ஏன் பாய் நிறுத்த மாட்டேங்கான்?”

“அவன் மேல குத்தமில்ல, மதினி” என்றார் உதுமான் பாய். “அவன்கிட்டச் சொல்ல ஆளில்ல.”