மாதம் ஒரு வீடு

எங்கள் அக்கா மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. கடத்தூரில் பிறந்து, அதே ஊரில் வாழ்க்கைப்பட்டவர். மாமா இளம் வயதிலேயே போய்விட்டார், பிள்ளையும் இல்லை. இரண்டு எருமைகளை வைத்துப் பால் ஊற்றி என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார். யாரிடமும் கைநீட்டாதவர். எனக்குக் காலில் சக்கரம் கட்டியிருக்கிறது என்று கேலி செய்வார்.

அப்படிப்பட்டவருக்கு வலப்பக்கம் வாதம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர், "தினமும் கைகாலை நீட்டி மடக்கி விடணுங்க. முதல் ஆறு மாசம் ரொம்ப முக்கியம்" என்றார். அக்காவின் பக்கத்து வீட்டு நூர்ஜகான் அம்மா, "இங்கயே இருக்கட்டுங்க, நான் பாத்துக்கறேன். நீங்க வந்து போயிட்டு இருந்தா போதுங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. தம்பிகள் இருவர் குத்துக்கல்லாட்டம் இருக்கையில் அயலார் பார்த்தால் ஊர் என்ன சொல்லும்? அன்றே முறை போட்டேன். தருமபுரியில் என் வீட்டில் ஒரு மாதம், பாலக்கோட்டில் தம்பி வீட்டில் ஒரு மாதம்.

மாதக் கடைசியில் வாடகை அம்பாசிடரின் பின்சீட்டில் அக்காவைப் படுக்க வைத்துக் கொண்டுபோவோம். கைகாலை நீட்டிவிட என் மனைவி பழகும்போது மாதம் முடிந்துவிடும். தம்பி வீட்டில் மறுபடி முதலிலிருந்து. நான் நாள் தவறாமல் பஸ் பிடித்துப் போய்க் குறை சொல்லிவிட்டு வருவேன். வீட்டுக்கு வந்தும் ஓரிடத்தில் உட்கார மாட்டேன். அக்காவின் விரல்கள் மடங்கியபடியே இறுகிக்கொண்டிருந்தன.

ஐந்தாம் மாதம் முடிந்து கார் வந்தபோது, அக்கா இடக்கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"எந்த வூட்டுக்குடா?" என்றார், குழறலாக.

"தம்பி வூட்டுக்குக்கா."

"எனக்கு வூடு இல்லியா?"

அன்று கார் கடத்தூருக்குப் போனது. நூர்ஜகான் அம்மா வெந்நீர் கொண்டுவந்து, "கையக் குடுங்கக்கா" என்று உட்கார்ந்துவிட்டார். அதன்பிறகு முறை எங்களுக்குத்தான். வாரத்துக்கு ஒருவர் அங்கே போய்த் தங்கினோம். அக்கா சுவரைப் பிடித்து வாசல்வரை நடந்தார். தம் வீட்டிலேயே இரண்டு ஆண்டுகள் இருந்து கண்மூடினார். வலக்கை விரல்கள் மட்டும் கடைசிவரை விரியவில்லை. அந்த ஐந்து மாதங்களை வீணாக்கியவன் நான்.

டாக்டருக்கும், கார் ஓட்டியவருக்கும், கேட்டபோதெல்லாம் லீவு தந்த அலுவலகத்தாருக்கும், இறுதிநாளில் துணைநின்ற உற்றார் உறவினருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. நூர்ஜகான் அம்மாவுக்கு நன்றி எழுதி, அதை அவரிடமே படித்துக் காட்டினேன்.

"எனக்கு எதுக்குங்க நன்றி? அன்னிக்கு என் பேச்சக் கேக்காட்டிப் போவுது. அக்காவ ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுங்க."

கேட்கவில்லை. மன்னித்துவிடுங்கள், அக்கா.